மூணு கியர் ஜீப்புக்கு நாலு கியர் பாக்ஸ்: வாங்கும் முன் அளவு, மாட்டும் முன் மறுபடி அளவு

தருமபுரி பக்கம் வத்தல்மலை ஏற்றத்தில் கொண்டை ஊசி வளைவு திரும்பும்போது பழைய சிஜே-3பி ஜீப் திணறினால் எல்லாரும் முதலில் எஞ்சினைத்தான் குறை சொல்வார்கள். கார்புரேட்டரைக் கழற்றுவார்கள், வால்வு கேப் பார்ப்பார்கள், பிளக் மாற்றுவார்கள். பெரும்பாலும் எஞ்சின் நன்றாகத்தான் இருக்கும். குறை கியர் பாக்ஸில். அதுவும் தேய்மானத்தால் வந்த குறை அல்ல, கணக்கிலேயே உள்ள குறை.

இந்த ஜீப்போடு வந்த வில்லிஸ் டி-90 கியர் பாக்ஸில் முன்னோக்கி மூன்றே கியர். விகிதம், அதாவது பின் ஷாப்ட் ஒரு சுற்று சுற்ற எஞ்சின் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்ற கணக்கு: முதலாவது 2.798, இரண்டாவது 1.551, மூன்றாவது நேர் 1. ரிவர்ஸ் 3.798. இந்த ஜீப்பின் டிபரன்ஷியல் விகிதம் 5.38, டயர் 6.00-16. டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர் உருளும் என்று வைத்துக்கொண்டால், எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும்போது மூன்றாவது கியரில் 74 கி.மீ., இரண்டாவதில் 47 கி.மீ., முதலில் 26 கி.மீ. வேகம் வரும். கொண்டை ஊசி வளைவில் ஜீப் போவது 12, 13 கி.மீ. வேகத்தில். அந்த வேகத்தில் இரண்டாவது கியரில் எஞ்சின் 820 சுற்றுதான் ஓடும். ஆளும் மூட்டையும் ஏற்றிய ஜீப் அதில் ஏறாது, அதிர்ந்து நிற்கும். முதல் கியர் போட்டால் 1480 சுற்று கிடைக்கும், ஏறிவிடும். ஆனால் டி-90 முதல் கியரில் சின்க்ரோ, அதாவது பற்கள் சேரும் முன் இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்கும் அமைப்பு, கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும்போது போட்டால் பல் கடிக்கும். இரண்டு முறை கிளட்ச் மிதித்து டபுள் கிளட்ச் அடிக்கத் தெரிந்தவர் போடுவார், தெரியாதவர் வளைவின் நடுவில் வண்டியை நிறுத்திப் போடுவார்.

"லோ கியர் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். கியர் பாக்ஸுக்குப் பின்னால் நின்று முன், பின் ஆக்ஸில்களுக்கு விசையைப் பிரிக்கும் ஸ்பைசர் 18 ட்ரான்ஸ்பர் கேஸில் லோ விகிதம் 2.46. ஆனால் முன் ஆக்ஸிலை இணைத்தால்தான் லோ விழும், உள்ளே அதற்கென்று பூட்டு இருக்கிறது. தார் ரோட்டில் நாலு சக்கரமும் இணைந்த நிலையில் வளைவு திரும்பினால் ஸ்டியரிங் இறுகும், டயர் தேயும், ஷாப்ட் முறுக்கிக்கொள்ளும். சேற்றுக்கும் ஏரிக்கரைக்கும் லோ சரி, மலை ரோட்டுக்குச் சரிப்படாது.

ஆகவே நாலு கியர் பாக்ஸில் நமக்கு வேண்டியது வேகம் அல்ல. கடைசி கியர் அதிலும் 1 தான், டாப் ஸ்பீடு ஒரு கிலோமீட்டர்கூட ஏறாது. பழைய முதல் கியரின் விகிதத்தில், ஓடும்போதே சத்தமில்லாமல் விழும் ஒரு கியர். அதற்காகத்தான் இத்தனை பாடு. வில்லிஸ்காரர்களே பிற்பாடு ஜீப்புக்குக் கொடுத்த டி-98 நாலு கியர் பாக்ஸின் விகிதங்களைப் பார்த்தால் இது விளங்கும்: 6.398, 3.092, 1.686, 1. இதில் இரண்டு, மூன்று, நான்கு மூன்றும் கிட்டத்தட்ட டி-90இன் ஒன்று, இரண்டு, மூன்றுதான். கீழே ஒரு ஊர்ந்து போகும் கியரைச் சேர்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். டி-98 நம்ம பக்கம் அபூர்வம். கிடைப்பது மஹிந்திரா எம்எம் 540 வண்டியில் வந்த கேஎம்டி-90. பழைய சாமான் கடையில் "நாலு கியர் பாக்ஸ்" என்று கேட்டாலே அதைத்தான் காட்டுவார்கள்.

கடையிலேயே முடிக்க வேண்டிய வேலை

விகிதத்தை யாரிடமும் கேட்க வேண்டாம், கையாலேயே அளந்துவிடலாம். முன்னால் நீட்டியிருக்கும் கிளட்ச் ஷாப்டில் ஒரு சாக்பீஸ் கோடு, பின்னால் வெளிவரும் ஷாப்டில் ஒரு கோடு. ஒரு கியரைப் போட்டு, பின் ஷாப்ட் சரியாகப் பத்து சுற்று முடியும் வரை முன் ஷாப்டைச் சுற்றி எண்ணுங்கள். 28 சுற்று வந்தால் 2.8. நாலு கியருக்கும் இதைச் செய்ய கால் மணி நேரம் ஆகும். இரண்டாவது கியர் 2.3 முதல் 3.1 வரை வந்தால் மலைக்கு உதவும். 2க்குக் கீழே வந்தால் அந்த பாக்ஸை வாங்கி மாட்டுவதில் பெரிய பிரயோஜனம் இல்லை.

அடுத்து மேல் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்ற விடமாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். உள்ளே சின்க்ரோவின் பித்தளை வளையங்கள் தெரியும். எந்தெந்த கியருக்கு வளையம் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டாவதுக்குக் கட்டாயம் இருக்க வேண்டும். வளையத்தைக் கூம்பின் மேல் விரலால் அழுத்திப் பிடித்து, வளையத்துக்கும் கியரின் சிறு பற்களுக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விடுங்கள். 0.8 மி.மீ. நுழைந்தால் வளையத்தில் உயிர் இருக்கிறது. 0.5கூட நுழையவில்லை என்றால் தேய்ந்துவிட்டது, புது வளையத்தின் விலையைக் கழித்துத்தான் பேரம் பேச வேண்டும். சிறு பற்களின் முனை கூர்மையாக இருக்கிறதா, மழுங்கி உருண்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மழுங்கியிருந்தால் ஏற்றத்தில் காலை எடுத்த மாத்திரத்தில் கியர் நழுவும். ஒரு காந்தத்தை அடி எண்ணெயில் விட்டு எடுங்கள். சாம்பல் நிறப் பசை வந்தால் வயதின் அடையாளம், பயமில்லை. செதில் செதிலாக வந்தால் எங்கோ பேரிங் உடைந்திருக்கிறது.

கேஸிங்கில் போல்ட் நுழையும் நாலு காதுகளையும் கம்பி பிரஷால் தேய்த்துப் பாருங்கள். ஒரு காது உடைந்து வெல்டு வைத்திருந்தால் அந்த பாக்ஸ் ஏற்கெனவே ஒருமுறை போல்ட்டால் இழுத்து மாட்டப்பட்டது என்று அர்த்தம். அது ஏன் மோசம் என்பது பின்னால் வரும்.

இனி ஐந்து அளவுகள். வெர்னியர் காலிப்பர் இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள்.

கிளட்ச் ஷாப்டின் ஸ்ப்லைன் (ஷாப்டின் மேல் நீளவாக்கில் வெட்டிய பற்கள்) எண்ணிக்கையும் வெளி விட்டமும் முதலாவது. டி-90இல் 10 ஸ்ப்லைன், ஒரு இன்ச் ஒரு நூல், அதாவது 28.6 மி.மீ. இது பொருந்தினால் உங்கள் கிளட்ச் பிளேட்டே போதும். பொருந்தாவிட்டால் பிளேட்டின் விட்டம் பழையதாகவும் நடு ஹப் புதிய ஷாப்டுக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும். பழைய பிளேட்டில் வேறு ஹப்பை ரிவெட் அடித்துத் தரும் ஆட்கள் உண்டு. அடித்த பிறகு ஷாப்டில் மாட்டிச் சுற்றிப் பார்த்து, பக்கவாட்டு ஆட்டம் இல்லை என்றால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆட்டம் இருந்தால் கிளட்ச் மிதித்தும் முழுதாக விடாது.

இரண்டாவது, ஷாப்ட் முனையின் விட்டம். அது கிராங்கின் பின் முனையில் இருக்கும் சிறு தாங்கு வளையமான பைலட் புஷ்ஷுக்குள் உட்காருகிறது. வேறு விட்டம் என்றால் லேத்தில் புது புஷ் கடைந்துகொள்ளலாம், பெரிய விஷயம் இல்லை. மூன்றாவது, கேஸிங் முகத்திலிருந்து ஷாப்ட் முனை வரை நீளம். இது பெரிய விஷயம். நான்காவது, முன் பேரிங் மூடியின் வெளி விட்டம், அதாவது எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே கிளட்சை மூடும் பெல் ஹவுசிங்கின் துளைக்குள் நுழைந்து கியர் பாக்ஸை மையத்தில் நிறுத்தும் அந்த வளையம். ஐந்தாவது, பின் ஷாப்டின் ஸ்ப்லைன். டி-90இல் ஆறு ஸ்ப்லைன், ட்ரான்ஸ்பர் கேஸின் முதல் கியர் அதில்தான் ஏறுகிறது.

முடிந்தால் கியர் பாக்ஸையும் ட்ரான்ஸ்பர் கேஸையும் லிவர்களோடு ஜோடியாகவே வாங்குங்கள். தனித்தனியாக வாங்கிப் பொருத்துவதைவிடச் செலவு கொஞ்சம் கூடும், தலைவலி பாதியாகும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: பின் ஆக்ஸிலுக்குப் போகும் ஷாப்ட் ட்ரான்ஸ்பர் கேஸின் எந்தப் பக்கம் வெளிவருகிறது? பழைய ஜீப்பில் பின் டிபரன்ஷியல் நடுவில் இல்லை, வலப்பக்கம் ஒதுங்கி இருக்கும். ட்ரான்ஸ்பர் கேஸும் அதே பக்கம் தள்ள வேண்டும்.

எம்எம் 540இன் பெல் ஹவுசிங்கை "சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கொடுப்பார்கள். அது பெஜோ வழி டீசல் எஞ்சினுக்கானது. உங்கள் ஜீப்பில் இன்னும் பழைய 2.2 லிட்டர் ஹரிகேன் பெட்ரோல் எஞ்சின்தான் இருக்கிறது என்றால் அதன் பிளாக்கில் அது உட்காராது. வில்லிஸ் பெல் ஹவுசிங்கையே வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றும்போது

பாட்டரி எர்த் ஒயர், சீட், நடுத் தகடு, கியர் பாக்ஸ், ட்ரான்ஸ்பர் கேஸ் இரண்டின் எண்ணெயும் வடித்தல், முன் பின் ஆக்ஸில்களுக்குப் போகும் ஷாப்ட்கள், ஸ்பீடோ கேபிள், கிளட்ச் லிங்க், ஹேண்ட் பிரேக் கேபிள் என்று போகும். ஜீப் மெக்கானிக் யாருக்கும் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. இரண்டு இடத்தில் மட்டும் கவனம். கியர் பாக்ஸை இறக்கியதும் எஞ்சின் பின்னால் சாயும், பேன் ரேடியேட்டரை அடிக்கும். பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு மரக்கட்டையும் ஜாக்கியும் முதலிலேயே கொடுத்துவிடுங்கள்.

மற்றொன்று, டி-90ஐ ட்ரான்ஸ்பர் கேஸிலிருந்து பிரிக்கும்போது. பின்னால் இருக்கும் வட்ட மூடியைத் திறந்து, ஸ்ப்லிட் பின்னை எடுத்து, நட்டைக் கழற்றி, கியரை உருவ வேண்டும். அப்போது நடு ஷாப்ட் பின்னால் நழுவி வந்தால் உள்ளே சின்க்ரோவின் ஸ்ப்ரிங்கும் சாவிகளும் அடித் தொட்டிக்குள் விழும். மேல் மூடியைத் திறந்து ஷாப்டைக் கட்டுக்கம்பியால் கேஸிங்கோடு கட்டிவிட்டுப் பிரியுங்கள். கழற்றிய டி-90ஐ விற்காதீர்கள், காரணம் பிறகு.

மையம்

இந்த வேலையில் நல்ல பட்டறைக்கும் மற்ற பட்டறைக்கும் வித்தியாசம் தெரிவது இங்கேதான். கியர் பாக்ஸ் யாரும் வாங்கலாம், போல்ட் யாரும் முடுக்கலாம். கிராங்கின் மையமும் கிளட்ச் ஷாப்டின் மையமும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று அளந்து பார்ப்பவர்கள் குறைவு. அளக்காமல் மாட்டிய வண்டி முதல் ஆயிரம் கிலோமீட்டர் நன்றாகவே ஓடும். பிறகு பைலட் புஷ் முட்டை வடிவமாகும், முன் பேரிங் கத்தும், டாப் கியர் நழுவும். எல்லாரும் "பழைய பாக்ஸ், அப்படித்தான்" என்பார்கள்.

பிளைவீல் இருக்கட்டும். கிளட்சைக் கழற்றிவிட்டு, பெல் ஹவுசிங்கை மட்டும் எஞ்சினில் முழு முறுக்கத்துக்கு மாட்டுங்கள். மாட்டும் முன் பிளாக்கின் முகத்தையும் ஹவுசிங்கின் முகத்தையும் பெயின்ட், பழைய கேஸ்கட், துரு எதுவும் இல்லாமல் துடைத்திருக்க வேண்டும். ஒரு பெயின்ட் சில்லு போதும், மையம் தவறிவிடும். காந்த ஸ்டாண்டை பிளைவீலில் நிறுத்தி, டயல் கேஜின் முனையை ஹவுசிங்கின் நடுத் துளையின் உள் சுவரில் வையுங்கள். பூஜ்யம் வைத்துவிட்டு, ஸ்பார்க் பிளக் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கிராங்கை முன்பக்கமிருந்து கையால் மெதுவாகச் சுற்றுங்கள். மேல், வலம், கீழ், இடம் என நாலு இடத்திலும் முள் எங்கே நிற்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

முழுச் சுற்றில் முள் நகரும் மொத்தத் தூரம் 0.13 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் என்றால் திருத்த வேண்டும். முள் காட்டும் அளவு மையப் பிசகைப் போல இரண்டு மடங்கு: 0.30 காட்டினால் ஹவுசிங் 0.15 தான் தள்ளியிருக்கிறது. அந்த 0.15ஐத்தான் நகர்த்த வேண்டும், 0.30ஐ அல்ல. நகர்த்துவது இப்படி: ஹவுசிங்கை இடத்தில் நிறுத்தும் டவல் பின்களை உருவிவிட்டு, போல்ட்டைப் பாதி முறுக்கில் வைத்து, மரச் சுத்தியலால் லேசாகத் தட்டி, டயலைப் பார்த்துக்கொண்டே மையத்துக்குக் கொண்டு வாருங்கள். சரியானதும் போல்ட்டை முழுதாக முடுக்கி மறுபடி அளந்து, டவல் துளைகளை ரீமர் போட்டு ஒரு சைஸ் பெரிதாக்கி, அந்த அளவுக்குக் கடைந்த புது பின் அடியுங்கள். டவல் பின்னை எறிந்துவிட்டு போல்ட் மட்டும் போதும் என்று விடுபவர்கள் உண்டு. போல்ட் இறுக்கிப் பிடிக்கும், இடத்தில் நிறுத்தாது.

பிறகு டயல் முனையை ஹவுசிங்கின் பின் முகத்தில், கியர் பாக்ஸ் உட்காரும் தளத்தில் வைத்து அதையும் ஒரு சுற்று பாருங்கள். அதற்கும் 0.13 தான் எல்லை. சுற்றும்போது கிராங்கை எப்போதும் முன்பக்கமாக அழுத்திப் பிடித்திருங்கள், இல்லாவிட்டால் கிராங்கின் முன்பின் ஆட்டமும் சேர்ந்து பொய் அளவு காட்டும்.

அந்த முன்பின் ஆட்டத்தையும் இப்போதே பார்த்துவிடுவது நல்லது. இந்த எஞ்சினில் அது 0.10 முதல் 0.15 மி.மீ. வரைதான் இருக்கலாம். கிளட்ச் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கிராங்க் முன்னால் தள்ளப்படுகிறது. ஆட்டம் அரை மி.மீ. ஆகியிருந்தால் எந்த கியர் பாக்ஸ் மாட்டினாலும் கிளட்ச் சரியாக வராது. முன்னால் டைமிங் கியருக்குப் பின்னே உள்ள ஷிம் என்ற மெல்லிய தகடுகளைக் குறைத்துச் சரிசெய்யும் வேலை அது.

பேரிங் மூடி ஹவுசிங் துளையைவிடச் சிறியது என்றால் ஒரு வளையம் கடைந்து கேஸிங் பக்கம் இறுக்கமாக ஏற்றலாம். பெரியது என்றால் ஹவுசிங் துளையைப் பெரிதாக்க வேண்டும். இதை ட்ரில்லிங் மெஷினில் செய்யவே கூடாது. பழைய துளையை டயல் வைத்து மையப்படுத்திவிட்டு லேத்திலோ போரிங் மெஷினிலோ கடைய வேண்டும். ஓசூரில் இதைச் செய்யும் திறமையான ஆட்களுக்குப் பஞ்சமில்லை. கம்பெனிகளுக்கு மைக்ரான் கணக்கில் கடைந்து தருபவர்களுக்கு இது சாதாரண வேலை. ஒற்றைப் பீஸ் என்பதால் காத்திருக்கச் சொல்வார்கள், காத்திருங்கள்.

போல்ட் துளைகள் பொருந்தாமல் நடுவில் அடாப்டர் பிளேட் வைக்க வேண்டி வந்தால், 12 மி.மீ. மைல்டு ஸ்டீல் தகட்டை வாயுவில் வெட்டி அப்படியே வைக்கக் கூடாது. சூட்டில் அது வளைந்திருக்கும். இரண்டு முகமும் இணையாகக் கடைந்திருக்க வேண்டும். தகடு 12 மி.மீ. என்றால் ஷாப்ட் முனையும் 12 மி.மீ. பின்வாங்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

அந்தக் கணக்கைச் சரிபார்க்க, பைலட் துளையின் அடியில் கொஞ்சம் களிமண்ணை உருட்டி வைத்து, கிளட்ச் இல்லாமல் கியர் பாக்ஸை ஒருமுறை வெறுமனே மாட்டிக் கழற்றுங்கள். களிமண்ணில் பதிந்த தடம் சொல்லும்: முனைக்கும் அடிச்சுவருக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். தடமே பதியவில்லை என்றால் முனை புஷ்ஷுக்குள் எவ்வளவு நுழைகிறது என்று அளந்து பாருங்கள். புஷ் நீளத்தில் பாதிக்கும் குறைவாக நுழைந்தால் நீளமான புஷ் கடைய வேண்டும். களிமண் நசுங்கி ஒன்றுமில்லாமல் போயிருந்தால் முனை கிராங்கில் முட்டுகிறது. அந்த நிலையில் போல்ட்டை முடுக்கினால் உடைவது கேஸிங்கின் காது.

கிளட்சும் மாட்டும் விதமும்

பைலட் புஷ் வெண்கலத் தூளை அழுத்திச் செய்தது, எண்ணெயை உறிஞ்சும். அடிக்கும் முன் ஒரு ராத்திரி எஞ்சின் ஆயிலில் ஊற வையுங்கள். கிரீஸ் வைத்து அடைக்காதீர்கள், சூட்டில் உருகி கிளட்ச் பிளேட்டுக்குப் போகும். பிளைவீலில் நீலப் புள்ளியும் வெடிப்பும் இருந்தால் லேசாகக் கடையலாம். பிரஷர் பிளேட்டின் மூன்று விரல்களும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று பார்த்தே மாட்டுங்கள். ஒரு விரல் தாழ்ந்திருந்தால் முதல் கியரில் வண்டி குலுங்கிக் கிளம்பும்.

இரண்டு பாக்ஸிலும் ஸ்ப்லைன் ஒரே மாதிரி என்றால், கிளட்ச் பிளேட்டை மையத்தில் நிறுத்தப் பழைய டி-90இன் கிளட்ச் ஷாப்டை விட நல்ல மையக் கோல் கிடையாது.

கியர் பாக்ஸ் உள்ளே போகும்போது இரண்டு நீள ஸ்டட்களை, தலை வெட்டிய போல்ட்டே போதும், ஹவுசிங்கின் மேல் இரண்டு துளைகளில் திருகி வையுங்கள். பாக்ஸை டிராலி ஜாக்கியிலோ செயின் பிளாக்கிலோ தொங்கவிட்டு அந்த ஸ்டட்களின் மேல் தள்ளுங்கள். பின்னால் யூ-ஜாயிண்ட் முனையை ஒருவர் மெதுவாகச் சுற்றினால் ஸ்ப்லைன் சேரும். கடைசி 10 மி.மீ. கையால் தள்ளியே போக வேண்டும். போகவில்லையா, வெளியே எடுத்துப் பாருங்கள். "போல்ட் போட்டு இழுத்துக்கலாம்" என்று யார் சொன்னாலும் ஸ்பேனரைக் கொடுக்காதீர்கள். கடையில் பார்த்த அந்த வெல்டு வைத்த காது அப்படி உருவானதுதான்.

மாட்டியதும் கிளட்ச் பெடலில் 25 மி.மீ. சும்மா ஆடும் தூரம் வையுங்கள்.

ஷாப்ட்

நாலு கியர் பாக்ஸ் நீளம் கூடியது என்றால் ட்ரான்ஸ்பர் கேஸ் அந்த அளவு பின்னால் நகரும். பின் ஆக்ஸிலுக்குப் போகும் ஷாப்டை அவ்வளவு வெட்டிச் சிறிதாக்க வேண்டும், முன் ஆக்ஸிலுக்குப் போகும் ஷாப்டை அவ்வளவு நீட்ட வேண்டும். சிஜே-3பியின் வீல்பேஸே 80 இன்ச்தான், பின் ஷாப்ட் முதலிலேயே குட்டை. அதை இன்னும் வெட்டினால் சாய்வு கூடும். உதாரணத்துக்கு, ட்ரான்ஸ்பர் கேஸுக்கும் பின் டிபரன்ஷியலுக்கும் உயர வித்தியாசம் 130 மி.மீ., இடைவெளி 500 மி.மீ. என்றால் சாய்வு 14.5 டிகிரி. அதே உயரத்துக்கு இடைவெளி 430 ஆனால் 17 டிகிரியை நெருங்கும். 15க்கு மேல் தொடர்ந்து ஓடினால் யூ-ஜாயிண்ட்டின் கிராஸ் சீக்கிரம் போகும். பின்னால் கூடுதல் ஸ்ப்ரிங் பட்டை வைத்து உயர்த்திய ஜீப் என்றால் இன்னும் மோசம். முதலில் ஸ்ப்ரிங்கைப் பழைய உயரத்துக்குக் கொண்டு வாருங்கள்.

அளவெடுப்பது வண்டி தன் நாலு சக்கரத்தில் நிற்கும்போதுதான். ஜாக்கியில் தூக்கி வைத்து, ஆக்ஸில் தொங்கும் நிலையில் அளந்தால் ஷாப்ட் நீளமாகிப்போகும், முதல் பள்ளத்தில் ட்ரான்ஸ்பர் கேஸைப் போய்க் குத்தும். ஸ்லிப் முனையில் உள்ளே போக 25 மி.மீ. இடம் விடுங்கள். வெல்டு வைக்கும் முன் இரண்டு முனையிலும் யூ-ஜாயிண்ட்டைப் பிடிக்கும் யோக் இரண்டும் ஒரே தளத்தில் நிற்கின்றனவா என்று தரையில் படுக்க வைத்துப் பாருங்கள். ஒரு பல் தள்ளி ஏறியிருந்தாலும் 40 கி.மீ. வேகத்திலேயே உடல் முழுக்க அதிரும். வெல்டு முடிந்ததும் குழாயை லேத்தில் வைத்துச் சுற்றி, வளைவு 0.4 மி.மீ.க்குள் இருந்தால் பாலன்ஸுக்கு அனுப்பலாம்.

கியர் பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரைப் பொறுத்தவரை என் கருத்து கறாரானது: சேஸிஸை வெட்டவோ வெல்டு வைக்கவோ கூடாது. போல்ட்டில் மாட்டும் பிராக்கெட்டைச் செய்யுங்கள். கழற்றினால் பழையபடி ஆக வேண்டும்.

ஸ்பீடோ மீட்டரைப் பற்றி வீணாகக் கவலைப்படுவார்கள். அதற்கான பல் ட்ரான்ஸ்பர் கேஸின் பின் ஷாப்டில் இருக்கிறது, கியர் பாக்ஸுக்குப் பிறகு. டிபரன்ஷியலும் டயரும் மாறாத வரை மீட்டர் மாறாது. கேபிள் மட்டும் இழுபடாமல் இருக்கட்டும். உண்மையில் கவலைப்பட வேண்டியது ஹேண்ட் பிரேக். பழைய ஜீப்பில் அதன் டிரம் ட்ரான்ஸ்பர் கேஸின் பின்னால் இருக்கிறது. கேஸ் நகர்ந்தால் கேபிளின் அளவு மாறும், லிவர் பாதி தூரம் வெறுமனே வரும். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் சரிவில் நிறுத்திப் பார்க்கும் முன் பட்டறைச் சாய்தளத்தில் பார்த்துவிடுங்கள்.

லிவர் மாறிய ஆபத்து

டி-90இல் இடம்-மேல் ரிவர்ஸ், இடம்-கீழ் முதல் கியர், வலம்-மேல் இரண்டு, வலம்-கீழ் மூன்று. வழக்கமான நாலு கியரில் இடம்-மேல் முதல் கியர். பழைய பழக்கத்தில் ரிவர்ஸ் என்று நினைத்து இடம்-மேல் தள்ளினால் வண்டி முன்னால் பாயும். மாங்காய் சீசனில் தோப்பில் கூடை ஏற்றிக்கொண்டிருக்கும் ஆட்கள் வண்டிக்கு முன்னும் பின்னும் நிற்பார்கள். ஜீப்பை ஒருவர் மட்டும் ஓட்டுவதில்லை, தம்பி ஓட்டுவார், மச்சான் ஓட்டுவார். ஆகவே புது கியர் வரிசையைப் பெயின்ட்டில் டாஷ்போர்டில் எழுதுங்கள். ஸ்டிக்கர் வெயிலில் உரிந்துவிடும்.

எண்ணெயும் காகிதமும்

கியர் பாக்ஸில் இபி 90, ஜிஎல்-4. டப்பாவில் ஜிஎல்-5 என்று இருந்தால் அது டிபரன்ஷியலுக்கு. அதில் இருக்கும் கந்தக-பாஸ்பரஸ் சேர்மானம் பித்தளை வளையத்தை அரிக்கும், வளையம் பிடிக்க வேண்டிய இடத்தில் வழுக்கவும் செய்யும். அளவு பார்க்கத் தனிக் கணக்கு வேண்டாம்: நிரப்பும் துளையின் கீழ் விளிம்பு வரை. மூச்சு விடும் துளை மண்ணால் அடைந்திருந்தால் சூட்டில் சீல் வழியே எண்ணெய் வெளியேறும். புது சீல் போட்டும் ஒழுகுகிறது என்றால் அங்கே பாருங்கள்.

ஆர்.சி. புத்தகத்தில் சேஸிஸ் எண், எஞ்சின் எண், எரிபொருள் இருக்கும், கியர் பாக்ஸ் இருக்காது. ஆனால் அதே சாக்கில் டீசல் எஞ்சினும் மாற்றலாம் என்று இறங்கினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வரும். கிருஷ்ணகிரி, தருமபுரி, ஓசூர் எந்த ஆர்.டி.ஓ. ஆனாலும் முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும். 50 வயது தாண்டிய ஜீப் என்றால் இன்னொன்றும் உண்டு. 2021இல் வந்த வின்டேஜ் வாகன விதிப்படி 'விஏ' எண் வாங்க வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, எஞ்சின் மாற்றப்பட்டிருக்கக் கூடாது. அந்த எண்ணோடு தினசரி ஓட்டவும் முடியாது, தோப்பு வேலைக்கு அது ஆகாது. ஆனால் பின்னாளில் வேண்டும் என்று தோன்றலாம். சேஸிஸை வெட்டாதீர்கள், டி-90ஐ விற்காதீர்கள் என்றது இதற்காகத்தான். அதை எண்ணெய் பூசி, சாக்கில் சுற்றி, ஷெட்டில் வையுங்கள்.

முதல் ஓட்டம்

முதல் நாளே தொப்பூர் கணவாய்க்குப் போக வேண்டாம். லாரிகளுக்கு நடுவே இறங்கும்போது கியர் நழுவினால் எஞ்சின் பிரேக் போய்விடும், பழைய ஜீப்பின் டிரம் பிரேக்கை மட்டும் நம்பி அங்கே இறங்கக் கூடாது. ராயக்கோட்டை ரோடு மாதிரி ஏற்ற இறக்கம் கலந்த இடத்தில் 50 கி.மீ. ஓட்டிவிட்டு, சூடாக இருக்கும்போதே காது கொடுத்துக் கேளுங்கள்.

நியூட்ரலில் கத்தி, கிளட்ச் மிதித்ததும் நின்றால் முன் பேரிங். மிதித்தால் மட்டும் கத்தினால் ரிலீஸ் பேரிங், அல்லது பைலட் புஷ். குளிரில் நன்றாக விழுந்த கியர் சூடானதும் விழ மறுத்தால் பைலட் புஷ் ஷாப்டைப் பிடிக்கிறது, இடைவெளி போதவில்லை. 0.025 முதல் 0.075 மி.மீ. வரை வேண்டும். ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் டாப் நழுவினால் பாக்ஸைத் திறக்கும் முன் பெல் ஹவுசிங் போல்ட்டைப் பாருங்கள், பிறகு மையத்தை.

200 கி.மீ. ஓடியதும் இரண்டு எண்ணெய் அளவையும் பாருங்கள். ஒன்றில் குறைந்து மற்றதில் கூடியிருந்தால் கியர் பாக்ஸுக்கும் ட்ரான்ஸ்பர் கேஸுக்கும் நடுவே எண்ணெய் கடக்கிறது. வெளியே ஒரு சொட்டு இல்லை என்பதால் இதை யாரும் கவனிப்பதில்லை, ஒரு பக்கம் வறண்டு பேரிங் எரிந்த பிறகுதான் தெரியவரும். நடு சீலை மாற்ற மறுபடி எல்லாவற்றையும் இறக்க வேண்டும். அதனால்தான் அந்த ஒரு சீலை, பார்க்க நன்றாக இருந்தாலும், முதலில் சேர்க்கும்போதே புதிதாகப் போட்டுவிடச் சொல்வது.